பட்டியலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

குற்றமும் சமுதாயத்தின் விளைபொருளே. ஆதலால் ஒரு குற்றத்தின் வரலாற்றை எழுதப் புகுவோன், அக்குற்றம் நிகழ்ந்த சமுதாயத்தின் வரலாற்றையும் எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதாவிடின் எஞ்சுவது மர்மக்கதை ஒன்றே. உண்மையில் நிகழ்ந்த கொலைகளைப் பல ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் கிளறி, தொலைக்காட்சித் தொடராகவும், இணையவழி ஒலித்தொடராகவும், நூலாகவும் ஆக்கி விற்பது இன்று பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. இத்தொழில் தன்னை நீதியின் துணைவன் என்று கூறிக்கொள்கின்றது. அக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில் 1979ஆம் ஆண்டுக்கும் 1981ஆம் ஆண்டுக்கும் இடையில் நிகழ்ந்த சிறுவர் கொலைகள் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றன.

அந்த இரண்டாண்டுக் காலத்தில் ஏறத்தாழ முப்பது பேர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர். அனைவரும் கறுப்பினத்தவர், பெரும்பாலோர் வறிய குடும்பங்களின் ஆண் பிள்ளைகள். இறுதியில் ஒருவன் கைது செய்யப்பட்டு, இருவரைக் கொன்ற குற்றத்திற்காக ஆயுட் சிறைத்தண்டனை பெற்றான். அவ்விருவரும் இருபது வயதைக் கடந்தவர்கள். ஒரு சிறுவனின் கொலைக்கேனும் இன்றுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்பு வழங்கியதில்லை. வழக்கு முடிந்துவிட்டது என்று அதிகாரிகள் கூறினர். முடியவில்லை என்று பெற்றோர் பலர் கூறினர். முடியாதிருப்பதே தனக்கு ஆதாயம் என்பதைக் கதைத் தொழில் மெல்ல மெல்ல உணர்ந்துகொண்டது.

கொலைகள் நிகழ்ந்த நகரம் எத்தகையது என்பதை முதலில் நோக்குவோம். அமெரிக்கத் தென்பகுதியின் ஏனைய நகரங்கள் நிறவெறிக் கலவரங்களாற் பெயர் கெட்டிருந்த காலத்தில், அட்லாண்டாவின் ஆளும் வட்டத்தினர் தமது நகரம் வெறுப்பதற்கு நேரமில்லாத அளவு உழைப்பில் மூழ்கிய நகரம் என்று விளம்பரம் செய்தனர். முதலீட்டாளரை ஈர்ப்பதற்கு எழுந்த சுலோகம் அது. 1973ஆம் ஆண்டுத் தேர்தலில் மேனாட் ஜக்ஸன் வெற்றி பெற்று, தென்பகுதிப் பெருநகரொன்றின் முதலாவது கறுப்பின மேயரானார். நகரத்தின் பாதுகாப்பு ஆணையாளரான லீ பிரவுணும் கறுப்பினத்தவரே. 1980ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அக்காலத்து உலகின் மிகப் பெரிய விமானப் பயணிகள் நிலையம் அட்லாண்டாவில் திறக்கப்பட்டது. அதன் ஒப்பந்தங்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்குச் சென்றது. கறுப்பின மத்தியதர வர்க்கத்துக்கு இது மெய்யான முன்னேற்றந்தான், மறுப்பதற்கில்லை.

ஆயின் அந்நகரத்துக்கு மற்றொரு முகமும் இருந்தது. அதை அறிய டெக்வூட் ஹோம்ஸ் என்னும் குடியிருப்பைப் பார்த்தால் போதும். சமஷ்டி அரசின் பணத்தைக் கொண்டு அமெரிக்காவில் எழுப்பப்பட்ட முதலாவது பொது வீடமைப்புத் திட்டங்களில் அதுவே முன்னோடி. 1935ஆம் ஆண்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நேரில் வந்து அதனைத் திறந்துவைத்தார். வறியோரின் சேரியை அழித்துக் கட்டப்பட்ட அவ்வீடுகளில் வெள்ளையர் மட்டுமே குடியேற்றப்பட்டனர். பல ஆண்டுகளின் பின் நிறத்தடை நீங்கிக் கறுப்பினத்தவர் அங்கு குடிபுகுந்தனர்; அதற்குள் வேலையும் முதலீடும் புறநகர்களை நோக்கி நகர்ந்துவிட்டன. மேயரின் ஆசனத்திற் கறுப்பர் ஒருவர் அமர்ந்தார் எனினும், நகரத்தின் செல்வம் அமர்ந்திருந்த ஆசனம் மாறவில்லை. இத்தகைய குடியிருப்புகளின் பிள்ளைகள் கடைக்குச் சென்று பிறருக்குப் பொருள் வாங்கிக் கொடுத்தும், சந்தைகளிற் சில்லறைப் பொருள் விற்றும் ஓரிரு டொலர் தேடினர். கொலையாளியின் கைக்கு எட்டும் தூரத்துக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த வறுமையே.

1979ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் தேதி, நகரின் தென்மேற்கிலே நிஸ்கி ஏரி வீதியை அடுத்த பற்றைக் காட்டில் இரு சிறுவரின் சடலங்கள் காணப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் தேதி, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அயல்வீட்டுக்காரிக்கு மூக்குப்பொடி வாங்கிவரச் சென்றான்; வீடு திரும்பவில்லை. நவம்பர் 8ஆந் தேதி, கைவிடப்பட்ட பாடசாலைக் கட்டடமொன்றில் அவனது சடலம் கிடந்தது. அச்சிறுவனின் தாய் கமில் பெல் என்பவர். குடியுரிமைப் போராட்டத்தில் முன்னர் பங்குகொண்டவர். தம் மகனுக்கு நேர்ந்தது தனி ஒரு வீட்டின் துயரமன்று, ஏனைய சாவுகளுடனும் தொடர்புடையது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். பொலிசாரோ ஒவ்வொரு சாவையும் தனித்தனிக் கோவையில் இட்டு வைத்தனர். வறிய பகுதியில் ஒரு கறுப்பினச் சிறுவன் காணாமற் போனால், வீட்டை விட்டு ஓடிப்போனான் என்று குறித்துக்கொள்வது அவர்களுக்கு வழக்கமாயிருந்தது.

இந்நிலையிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த அன்னையர் ஒன்றுகூடினர். 1980ஆம் ஆண்டில் ‘சிறுவர் கொலைகளை நிறுத்துவதற்கான குழு’வை அமைத்தனர். கமில் பெல் அதன் தலைமையை ஏற்றார். அக்குழு செய்த முதற்பணி எண்ணுதலே. எத்தனை பிள்ளைகள், எந்தத் தெருவில், எந்த நாளில் என்று அவர்கள் ஒருங்கு சேர்த்துக் காட்டிய பின்னரே அச்சாவுகள் யாவும் ஒரே நிகழ்வாக நகரத்தின் கண்ணுக்குத் தெரிந்தன. முதற் சடலங்கள் கிடைத்து ஓராண்டு நிறைவுறும் தறுவாயில், 1980 ஜூலையில், பொலிசார் விசேட செயலணி ஒன்றை நிறுவினர். அரசின் புலனாய்வாளர் காணத் தவறிய தொடர்பினைச் சமையலறை மேசையில் இருந்து பட்டியலிட்ட அன்னையர் கண்டனர் என்பது இவ்வரலாற்றின் தலையாய உண்மை. பின்னெழுந்த தொடர்களிற் பலவும் இவ்வுண்மையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டன.

செயலணி அமைந்ததும் பட்டியல் அரசின் கைக்கு மாறியது. யாருடைய சாவு பட்டியலிற் சேரும், யாருடையது சேராது என்பதை இப்போது அதிகாரிகளே முடிவு செய்தனர். வயது, பால், இறந்த முறை என்னும் அளவுகோல்கள் காலத்துக்குக் காலம் மாறின. சிறுவருக்கென்று தொடங்கிய பட்டியலிற் பிற்காலத்தில் வளர்ந்த ஆடவரும் சேர்க்கப்பட்டனர். சிறுமியரில் இருவரே இடம்பெற்றனர். முன்னாட் பொலிஸ் அதிகாரியான செட் டெட்லிங்கர் என்பவர், கொலையுண்டோர் வாழ்ந்த இடங்களையும் சடலங்கள் கிடந்த இடங்களையும் நகரப் படத்திற் குறித்து, அதே தெருக்களைச் சேர்ந்த வேறு பலர் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டனர் என்று வாதித்தார். ‘பட்டியல்’ எனப் பொருள்படும் தலைப்புடன் 1984இல் அவர் இணைந்தெழுதிய நூல் வெளிவந்தது. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா வலுவானது. பட்டியலிற் பெயர் உள்ள பிள்ளைக்கு விசாரணை உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு, நிதியுதவி உண்டு. பெயர் இல்லாத பிள்ளைக்கு மயானம் மட்டுமே உண்டு. இன்றைக்கும் இக்கொலைகளைப் பற்றிய நூல்களிலும் தொடர்களிலும் 28, 29, 30 என்று வெவ்வேறு தொகைகள் காணப்படுவது தற்செயலன்று.

அச்சம் நகரமெங்கும் பரவியது. சிறுவர் இரவில் வெளியே நடமாடுதல் தடைசெய்யப்பட்டது. 1980 ஒக்டோபர் 13ஆந் தேதி, போவன் ஹோம்ஸ் குடியிருப்பின் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திற் கொதிகலன் வெடித்து நான்கு குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் இறந்தபொழுது, அது குண்டுத் தாக்குதல் என்றே மக்கள் முதலில் நம்பினர். விபத்து என்று அதிகாரிகள் அறிவித்த பின்னும் ஐயம் தீரவில்லை. கூ கிளக்ஸ் கிளான் வெறியரின் கொடுமைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட மக்கள் அவ்வாறு நினைத்தது வியப்பன்று. 1981 மார்ச்சில் டெக்வூட் வாசிகள் பேஸ்போல் மட்டைகளை ஏந்தித் தாமே காவலுக்குப் புறப்பட்டனர். அரசு தமது பிள்ளைகளைக் காக்கும் என்ற நம்பிக்கை அற்றுப்போனதை இதனினும் தெளிவாக வேறெது காட்டும்?

நாடு முழுவதன் பார்வையும் திரும்பிய பின்னரே ரீகன் அரசாங்கம் விசாரணைக்கென 15 இலட்சம் டொலர் ஒதுக்கியது. புகழ்பெற்ற பாடகர் நிதிக் கச்சேரி நடத்தினர். பச்சை நாடா அணிவது வழக்கமாயிற்று. அதே வேளையில் அன்னையர் மீது சந்தேகத்தின் நிழலும் விழுந்தது. 1981 ஏப்ரலில், சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தைச் சேர்ந்த ஒருவர், சில பிள்ளைகளைப் பெற்றோரே கொன்றனர் என்று கூட்டமொன்றிற் பேசினார். அன்னையர் குழு பணம் திரட்டிய முறையை மாநில அதிகாரிகள் விசாரிக்க முற்பட்டனர். எண்ணிக் காட்டியவர்களே குற்றவாளிக் கூண்டின் அருகில் நிறுத்தப்பட்டனர்.

சடலங்களிற் காணப்பட்ட இழைகளைப் பொலிசார் ஆராய்கின்றனர் என்னும் செய்தி 1981 பெப்ரவரியிற் பத்திரிகையில் வெளியாயிற்று. அதன்பின் ஆடை களையப்பட்ட சடலங்கள் ஆறுகளில் மிதக்கத் தொடங்கின. தடயத்தை நீர் கழுவிவிடும் என்று கொலையாளி எண்ணினான் போலும் என்று புலனாய்வாளர் முடிவு கட்டினர். எனவே பாலங்களிற் காவல் வைத்தனர். மே 22ஆந் தேதி அதிகாலை, சட்டஹூச்சி ஆற்றுப் பாலத்தின் கீழே காவலிருந்த ஒருவர் நீரில் ஏதோ விழும் ஓசையைக் கேட்டார். பாலத்தைக் கடந்து சென்ற காரை மறித்தபோது அதிலிருந்தவன் வேய்ன் வில்லியம்ஸ். இசைக் கலைஞரைத் தேடித் திரிபவன் என்று தன்னைக் கூறிக்கொண்ட கறுப்பின இளைஞன். இரு நாள் கழித்து ஆற்றில் ஒருவரின் சடலம் மிதந்தது. ஜூன் 21ஆந் தேதி வில்லியம்ஸ் கைது செய்யப்பட்டான்.

1982 ஜனவரியில் வழக்கு விசாரணை தொடங்கியது. கொலையைக் கண்ட சாட்சி எவரும் இல்லை. வில்லியம்ஸின் வீட்டுக் கம்பளத்தின் பச்சை இழைகளும், அவ்வீட்டு நாயின் உரோமமும் சடலங்களிற் கிடந்தவற்றுடன் ஒத்திருந்தன என்பதே வழக்குத் தொடுநரின் முதன்மைச் சான்று. குற்றப் பத்திரிகையில் இரு கொலைகளே இருந்தன. எனினும் வேறு பத்துச் சாவுகளைப் பற்றிய சான்றுகளையும், ஒரே பாங்கினைக் காட்டுவன என்னும் காரணத்தால், ஜூரிமார் முன் வைக்க நீதிமன்றம் இடமளித்தது. பெப்ரவரி 27ஆந் தேதி வில்லியம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அடுத்து நிகழ்ந்ததுதான் நாம் கருதவேண்டியது. இருபதுக்கும் மேற்பட்ட ஏனைய சாவுகளுக்கும் அவனே பொறுப்பாளி என்று கூறி, வழக்கெதுவும் தொடுக்காமலே அதிகாரிகள் கோவைகளை மூடினர், செயலணியும் கலைக்கப்பட்டது. 1983இல் ஜோர்ஜியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. நீதியரசர் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

வில்லியம்ஸ் நிரபராதி என்று வாதிப்பது எமது நோக்கமன்று. இழைச் சான்று எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. 2010இல் வெளியான மரபணுச் சோதனையின் முடிவும் அவனை விலக்கவில்லை. மறுபுறத்தே, கிளான் இயக்கத்துடன் தொடர்புடையோர் சிலரை ஜோர்ஜியாப் புலனாய்வாளர் 1981இல் இரகசியமாக விசாரித்துக் கைவிட்டனர் என்னும் செய்தியை 1986இல் ‘ஸ்பின்’ சஞ்சிகை வெளியிட்டது. அவ்விசாரணை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளுக்கு மறைக்கப்பட்டது என்ற வாதம் பின்னர் நீதிமன்றத்தில் எழுப்பப்பட்டது. 2005இல் டிகால்ப் மாவட்டப் பொலிஸ் தலைவர் ஐந்து வழக்குகளை மீளத் திறந்தார். அடுத்த ஆண்டு அவர் பதவி விலகியதும் அவை மீண்டும் மூடப்பட்டன. வில்லியம்ஸ் பல சிறுவரைக் கொன்றிருக்கலாம், எல்லோரையும் கொல்லாதிருந்திருக்கலாம். ஆனால் ‘இருக்கலாம்’ என்பது தீர்ப்பன்று. செல்வர் வீட்டுப் பிள்ளை ஒன்று கொல்லப்பட்டிருந்தால், வேறொரு வழக்கின் தீர்ப்பைக் காட்டி அதன் கோவையை மூட எந்த அதிகாரி துணிந்திருப்பான்?

இவ்வினாவை முதலில் உரத்துக் கேட்டவர்கள் எழுத்தாளரே. ஜேம்ஸ் போல்ட்வின் 1981இல் அட்லாண்டா சென்று எழுதிய கட்டுரை, 1985இல் நூலாக விரிந்து வெளிவந்தது. இருவரின் கொலைக்குத் தண்டிக்கப்பட்டவன் மீது ஏனைய பிள்ளைகளின் சாவையும் விசாரணையின்றிச் சுமத்துவதை அவர் கண்டித்தார். கறுப்பினத்தவர் நிருவாகத்தில் அமர்ந்த பின்னும் நகரத்தின் அடிப்படை உறவுகள் மாறாதிருந்ததை ஆராய்ந்தார். அட்லாண்டாவிலேயே வாழ்ந்த நாவலாசிரியை டோனி கேட் பம்பாரா, மகனைத் தேடும் தாய் ஒருத்தியை நடுநாயகமாகக் கொண்ட பெருநாவலைப் பல ஆண்டுகள் உழைத்து எழுதினார். 1995இல் அவர் மறைந்தபின், டோனி மொறிசனின் பதிப்பில் அது 1999இல் வெளிவந்தது. இவ்விருவரின் எழுத்திலும் கொலையாளி மையமல்லன். நகரமும் அன்னையருமே மையம்.

திரையும் ஒலிபரப்பும் சென்ற வழி வேறு. 1985 பெப்ரவரியில் சீபீஎஸ் நிறுவனம் இரு பகுதிகளாக ஒளிபரப்பிய நாடகம் வில்லியம்ஸ் வழக்கைக் கேள்விக்குள்ளாக்கியது. நகரின் நற்பெயர் கெடும் என்று அட்லாண்டாவின் தலைவர்கள் கொதித்தெழுந்தனர். கற்பனை கலந்தது என்னும் அறிவிப்புடனேயே நாடகம் காட்டப்பட்டது. பிள்ளைகள் இறந்தபொழுது காட்டிய வேகத்தினும் கூடிய வேகத்தை நகரத்தின் பெயருக்காக அவர்கள் காட்டினர் என்று ஒருவர் கூறின் அது மிகையாகாது. மூன்று தசாப்தங்களின் பின் புதிய அலை எழுந்தது. 2018இல் ‘அட்லாண்டா மொன்ஸ்டர்’ என்னும் ஒலித்தொடர் பெரும் எண்ணிக்கையினரைக் கவர்ந்தது. 2019இல் நெற்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் ‘மைண்ட்ஹன்டர்’ தொடரின் இரண்டாம் பருவம் இக்கொலைகளைக் கதையாக்கியது. 2020இல் எச்பீஓ நிறுவனம் ஐந்து பகுதிகளில் ஆவணப்படம் ஒன்றை வெளியிட்டது.

இவையனைத்தையும் ஒரே தராசில் இடுதல் நீதியன்று. எச்பீஓ ஆவணப்படம் குடும்பத்தினரின் குரலுக்கு நிறைய இடமளித்தது. 2019 மார்ச்சில் மேயர் கீஷா லான்ஸ் பொட்டம்ஸ், பழைய தடயங்களைப் புதிய கருவிகளால் மீளச் சோதிக்குமாறு பணித்தார். மக்களின் கவனம் மீண்டும் திரும்பியிருந்த சூழலிலேயே அது நிகழ்ந்தது. மறந்துபோன அநீதியை நினைவூட்டும் ஆற்றல் இவ்வூடகங்களுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும் அத்தொழிலின் பொருளாதாரம் அதன் வடிவத்தையும் நிர்ணயிக்கின்றது. அடுத்த பகுதியைக் கேட்கச் செய்வதற்கு ஒவ்வொரு பகுதியும் புதிராக முடிதல் வேண்டும்; இடையிடையே விளம்பரம் ஒலித்தல் வேண்டும். ஆகவே ‘அவன்தானா, வேறொருவனா?’ என்னும் வினாவே சுழன்று சுழன்று வருகின்றது. தலைப்பே அரக்கனை முன்னிறுத்துகின்றது. சிறையிலிருப்பவனின் குரல் கேட்போரைச் சிலிர்க்க வைக்கின்றது. துப்பறிவோனின் கூர்மதி வியப்பைத் தருகின்றது. தாயோ அழுவதற்கு மட்டும் மேடைக்கு அழைக்கப்படுகின்றாள். ஆராய்ந்தவளாக, அமைப்பைக் கட்டியவளாக, அரசை எதிர்த்து நின்றவளாக அவள் அரிதாகவே தோன்றுகின்றாள். கேட்பவன் தன்னை நீதிபதியாகக் கருதி மகிழ்கின்றான். அவனுடைய தீர்ப்பு எவரையும் விடுதலை செய்வதில்லை. எந்தக் கோவையையும் திறப்பதில்லை.

புதிரை அவிழ்த்துவிட்டால் வழக்கு முடிந்தது என்னும் எண்ணமே இங்கு மூலப் பிழை. நாளை ஒரு மரபணுச் சோதனை கொலையாளியை ஐயத்திற்கிடமின்றிக் காட்டலாம். காட்ட வேண்டும் என்பதே நம் விருப்பமும். அப்பொழுதும் வேறு வினாக்கள் எஞ்சி நிற்கும். ஓராண்டு காலம் ஏன் எவரும் எண்ணவில்லை? எண்ணியவர்களை ஏன் சந்தேகித்தனர்? பட்டியலை வரைந்த கோல் யாருடையது? ஒன்பது வயதுப் பிள்ளைகள் பிறர் வேலைக்குத் தெருவில் அலைய நேர்ந்தது எதனால்? இவ்வினாக்களுக்கு எந்தப் பரிசோதனைக் கூடமும் விடையளிக்காது. டெக்வூட் குடியிருப்பு 1996ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒட்டி இடித்துத் தள்ளப்பட்டது. அதன் வாசிகளிற் பெரும்பாலோர் அவ்விடத்திலெழுந்த புதுவீடுகளுக்குத் திரும்பவில்லை. கொலைகளை மறக்க விரும்பிய நகரம், கொலைகள் நிகழ்வதற்கு இடமளித்த வறுமையை ஒழிக்கவில்லை; அதனை வேறிடத்துக்கு நகர்த்தியது.

நம் மாணவர்களும் இத்தகைய தொடர்களைக் கைபேசியிற் கேட்கின்றனர், பார்க்கின்றனர். தடுத்துப் பயனில்லை, ஆசிரியராயிருப்போர் அவற்றைக் கேட்கும் முறையைக் கற்பித்தலே தகும். கொலையாளியின் பெயர் எத்தனை முறை ஒலிக்கின்றது, கொலையுண்ட பிள்ளைகளின் வாழ்வு எத்தனை நிமிடம் பேசப்படுகின்றது என்று அவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். நீதிமன்றம் சொன்னது எது, பொலிசார் அறிவித்தது எது, தயாரிப்பாளர் ஊகித்தது எது என்று பிரித்தறியட்டும். அத்தொடர் எவருக்கேனும் ஒரு கோரிக்கையை முன்வைக்கின்றதா, அல்லது அடுத்த பருவத்துக்கு ஆள் சேர்க்கின்றதா என்று கேட்கட்டும்.

அட்லாண்டாவின் அன்னையர் கேட்டது மர்மத்தின் விடையை மட்டுமன்று. தம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விசாரணையும், தனித்தனித் தீர்ப்பும் வேண்டும் என்றே அவர்களிற் பலர் கேட்டனர். அக்கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அதனை நினைவிற்கொண்டு பேசும் படைப்பை வரவேற்போம். அதனை மறைத்துப் பேசும் படைப்பு எத்துணைத் திறமையுடன் ஆக்கப்பட்டிருப்பினும், அதனை வணிகம் என்றே அழைப்போம்.